வெள்ளைக்காரன் பெட்டியும் ஜப்பான்காரன் பெட்டியும்

1

போன வாரம் ஊருக்குப் போய்த் திரும்பிய உறவுக்காரர் ஒருவர், மலாயா மலை மேலிருக்கும் கம்போங் ராஜாவில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே எங்கள் கடைக்கு வந்தார். மன்னார்குடியிலிருந்து என் தம்பி சொல்லி அனுப்பிய இரண்டு செய்திகள் அவரிடம் இருந்தன.

முதல் செய்தி, தம்பி மகனுக்கு டிவியில் மாட்டி விளையாடுகிற வீடியோ கேம் ஒன்று வேண்டுமாம். “ஒரிஜினல் ஜப்பானா இருக்கணும். வேற நாட்டுச் சாமான்னா அனுப்பவே வேணாம்னு அக்காகிட்ட சொல்லுங்க.”

இரண்டாவது செய்தி, “அந்தக் குளிர் மலையில கெடந்து எதுக்குக் கஷ்டப்படணும்? கடைய வித்துட்டு எல்லாரும் இங்கயே வந்துடச் சொல்லுங்க. பாவம் அக்கா.”

முதல் செய்திக்குச் சிரித்தேன். இரண்டாவதற்குக் கோபம் வந்தது. என்னைப் பாவம் என்று சொல்ல இவன் யார்? இரண்டுக்கும் சேர்த்தே பதில் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். தம்பிக்கு மட்டும் எழுதினால் போதாது, ஊரில் அவனைப் போல் நினைக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். அதனால் எல்லோருக்குமாக எழுதுகிறேன். கொஞ்சம் சூடாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

எழுபதுகளின் தொடக்கத்தில் கல்யாணமாகி இங்கே வந்தேன். என் வீட்டுக்காரர் சேகரன் காய்கறி லோரி ஓட்டுகிறவர். கோலா தெர்லா தோட்டங்களில் முட்டைக்கோஸும் தக்காளியும் ஏற்றிக்கொண்டு மலையடிவாரத்துத் தாப்பாவுக்கு இறங்குவார். தேயிலைத் தோட்டத்து ரோடு பிரிகிற முனையில் எங்களுக்கு ஒரு சின்னக் கடை. டீ, ரொட்டி, மளிகை எல்லாம் உண்டு. கடையைப் பார்ப்பது அன்றும் இன்றும் நான்தான்.

நான் வளர்ந்த தெருவில் ஜப்பான் என்றால் பெருமை. சிங்கப்பூரிலிருந்து யாராவது ஒரு ரேடியோ கொண்டுவந்தால் தெருவே கூடும். “ஜப்பான்டி!” என்று கிசுகிசுப்பார்கள். வெள்ளைக்காரன் என்றாலோ கதை வேறு. என் அப்பா வெள்ளைக்காரனை எதிர்த்துக் கோஷம் போட்டுத் தடியடி வாங்கியவர். எங்கள் வீட்டில் அவன் பெயரைச் சொன்னால் சோறு இறங்காது.

இந்தப் படிப்போடுதான் கப்பல் ஏறினேன். மாமனாருக்குச் சீராக என்ன கொண்டுபோகலாம் என்று வீட்டில் யோசித்து யோசித்து, யாரிடமோ சொல்லி வைத்து, ஒரு ஃபிளாஸ்க் வாங்கினார்கள். சிவப்புப் பூப்போட்ட ஃபிளாஸ்க். குளிர் தேசமாயிற்றே, டீ ஆறாமல் இருக்கும் என்று எங்கள் எண்ணம்.

என் மாமனார் முத்தையா அப்போது ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருந்தார். ஒல்லியான மனிதர், அதிகம் பேச மாட்டார். ஃபிளாஸ்கை இரண்டு கையாலும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ரொம்ப அழகா இருக்கு தாயி. எந்த ஊரு சாமான்?”

“ஜப்பான், மாமா! அசல் ஜப்பான்!” என்றேன். எவ்வளவு பூரிப்பு எனக்கு!

அவர் ஃபிளாஸ்கை மெதுவாகத் தரையில் வைத்துவிட்டு வெளியே போனார். வெளியே நல்ல மழை. அந்த மழையில் போய் நின்றார். புது மருமகள் என்ன தப்பு செய்தேன் என்று தெரியாமல் நடுவீட்டில் நின்றேன்.

சேகரன்தான் சொன்னார். “ஜப்பான்காரன் காலத்துல அப்பாவயும் எங்க சித்தப்பாவயும் சயாமுக்குப் புடிச்சிக்கிட்டுப் போயிட்டானுங்க. ரயில் பாத போட. அப்பா மட்டுந்தான் திரும்பி வந்தாரு.”

சண்டைக் காலத்தில் மலாயாத் தோட்டங்களிலிருந்து நம் ஆட்கள் கூட்டம் கூட்டமாகச் சயாமுக்குக் கொண்டுபோகப்பட்டதும், காட்டில் காய்ச்சலிலும் அடியிலும் பசியிலும் செத்ததும் உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கும் அதுவரை தெரியாது. எங்கள் ஊரில் யாரும் இதைச் சொன்னதில்லை. கடல் தாண்டிச் செத்தவனுக்கு ஊரில் யார் அழுதார்கள்!

இன்னொரு பக்கம், இங்கே தோட்டத்து லயங்களில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பழைய வெள்ளைத் துரைகளைப் பற்றிப் பேசும்போது சிலருக்குக் குரலே குழையும். “தொர காலம் மாதிரி வருமா?” என்பார்கள். என் அப்பாவின் மண்டைத் தழும்பு எனக்கு நினைவுக்கு வரும். அங்கே சாமியாக இருந்தது இங்கே பூதம், அங்கே பூதமாக இருந்தது இங்கே சாமி. நல்ல கூத்து!

மாமா அந்த ஃபிளாஸ்கிலிருந்து ஒரு வாய் டீகூடக் குடித்ததில்லை. அவருக்குத் தனியாகத்தான் போடுவேன். ஆனால் என் வாய் சும்மா இருக்குமா? ஒருநாள் கேட்டேவிட்டேன்.

“மாமா, நம்ம லோரியும் ஜப்பான் லோரிதானே. அதுக்கு மட்டும் ஆயுத பூசைக்குப் பொட்டு வெக்கிறீங்க?”

அவர் கோபிக்கவில்லை. “லோரி வேல செய்யுது தாயி. ஜப்பான்காரன்கிட்ட வேல வாங்கலாம். வாங்கணும். ஆனா அவனோட ஒக்காந்து டீ குடிக்க முடியாது, வெளையாட முடியாது” என்றார்.

3

எண்பதுகளின் தொடக்கத்தில் அந்த இரண்டு பெட்டிகள் வந்தன. தாப்பாவிலிருந்து அ செங் என்ற சீனர் லோரியில் ஏற்றிவந்து கடையின் ஓரத்தில் இறக்கினார். ஆள் உயரப் பெட்டி. முன்னால் கண்ணாடித் திரை, கீழே ஒரு கம்பி, இரண்டு பொத்தான். காசு போட்டால் விளையாடலாம்.

ஒரு பெட்டியின் பக்கவாட்டில் மஞ்சள் முடிக்காரன் ஒருவன் தொப்பி மாட்டிக்கொண்டு விமானம் ஓட்டுகிற படம். எழுத்தெல்லாம் இங்கிலீஷ். திரையில் ஒரு விமானம் மேலே போகும், எதிரே வருகிறதையெல்லாம் சுடும். அதற்கு அன்றைக்கே பெயர் வைத்துவிட்டார்கள், வெள்ளைக்காரன் பெட்டி.

மற்றதில் ஒரு குண்டுக் கரடி. பூந்தொட்டியைத் தூக்கிக்கொண்டு ஏணி ஏணியாக ஏறும், குளவிகள் துரத்தும். பாட்டு ஒன்று டிங் டிங்கென்று ஓடிக்கொண்டே இருக்கும். திரையில் வருகிற எழுத்து ஒருவருக்கும் புரியாத எழுத்து. அது ஜப்பான்காரன் பெட்டி.

வேலை முடிந்து வருகிற தோட்டத்து இளவட்டங்கள் விமானப் பெட்டிக்கு வரிசை கட்டுவார்கள். “அந்தக் கரடி பொம்பளப் புள்ளைங்க கேம் லா! இதுதான் ஆம்பள கேம்!” என்பான் ஒருவன். விமானம் வெடித்ததும் பெட்டியை ஒரு குத்து குத்துவான்.

இதற்கெல்லாம் பெரிய வியாக்கியானம் செய்தவர் கிராணி ஐயா. தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர், கோயில் கமிட்டித் தலைவர். பழைய இங்கிலீஷ் கார் ஒன்று வைத்திருந்தார். பாதி நாள் பையன்கள் தள்ளித்தான் அது நகரும். சாயங்காலமானால் வந்து, டீ வாங்கிக்கொண்டு, விமானப் பெட்டிக்கு முன்னால் நிற்பார்.

“பாத்தீங்களாடா, என்னா ஒழுங்கு! தேவையில்லாம ஒரு ஆட்டம் பாட்டம் கெடையாது. இதான் வெள்ளக்காரன் மூள. அந்தப் பெட்டியப் பாருங்க, கரடி பூந்தொட்டி தூக்குது! ஜப்பான்காரனுக்கு வேற என்னா வரும்? பாத்துக் காப்பியடிப்பான், இல்லாட்டி பொம்ம செய்வான்.”

சயாம் பேச்சு வந்தால் அவன் ஈவிரக்கமில்லாத ராட்சசன், பெட்டிப் பேச்சு வந்தால் அவன் பொம்மை விளையாடுகிறவன். எப்படி ஐயா இரண்டும் பொருந்தும் என்று நான் கேட்கவில்லை. ஒருநாள் அவரே காசு போட்டு விளையாடினார். விமானம் கிளம்பினதும் வெடித்தது. “கம்பி சரியில்ல” என்றார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

மாமா கரடிப் பெட்டி பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். அது பாட்டுப் பாடினால் முகத்தைச் சுளிப்பார். ஆனால் விமானப் பெட்டிக்குப் பின்னால் ஒரு விசேஷம் இருந்தது. நாள் முழுக்க ஓடுவதால் அதன் முதுகுப் பலகை கதகதவென்று இருக்கும். இந்த மலைக் குளிர் உங்களுக்குத் தெரியாது. மாலையானால் பனி கடைக்குள்ளேயே வந்துவிடும். சயாமில் அடிபட்ட முதுகு மாமாவுக்கு. குளிர் வந்தால் நிமிர முடியாது. அவர் தன் நாற்காலியை அந்தப் பெட்டியின் பின்னால் போட்டு, முதுகை அதில் சாய்த்துக்கொண்டு உட்காருவார். கண்ணை மூடிக்கொள்வார். அந்த ஒரு மணி நேரந்தான் அவர் முகத்தில் வலி இருக்காது.

“வெள்ளக்காரன் சூடு முத்தையாவுக்கு ஒத்துக்கிச்சு” என்று கிராணி சிரிப்பார். மாமா கண்ணைத் திறக்க மாட்டார்.

4

இப்போது என் மகள் கலாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தக் கதையில் எனக்கு வலித்த இடம் அதுதான்.

அப்போது அவளுக்குப் பதினொரு வயது. முன்னேற வேண்டும் என்று அவள் அப்பா மலாய்ப் பள்ளியில் சேர்த்திருந்தார். முன்னேறினாள். எந்த அளவுக்கு என்றால், வீட்டில் நான் தமிழில் கேட்பேன், அவள் மலாயில் பதில் சொல்வாள். “சாப்பிட வாடி” என்றால் “தாக் மாவ் லா, மா” என்பாள். வேண்டாமாம். அந்த ‘மா’ ஒன்றுதான் எனக்காக மிச்சம் வைத்திருந்தாள்.

என் குடியுரிமை விஷயமாகத் தானா ராத்தா ஆபீசுக்குப் போனபோதும் அவளைத்தான் துணைக்குக் கூட்டிப்போனேன். எனக்கு அன்றைக்கும் சிவப்பு அடையாளக் கார்டுதான், இருக்கலாம் ஆனால் குடிமகள் இல்லை என்கிற கார்டு. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் மலாயில் ஏதோ கேட்டார். நான் பதற்றத்தில் மன்னார்குடித் தமிழில் என் கல்யாணக் கதையையே சொல்ல ஆரம்பித்துவிட்டேன். அவர் எத்தனை வருஷமாக இங்கே இருக்கிறீர்கள் என்றுதான் கேட்டாராம். கலா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவரும் சிரித்துவிட்டு, பாஷை படித்துக்கொண்டு மறுபடி வரச் சொன்னார். பஸ்ஸில் திரும்பும்போது நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பெற்ற பெண்ணுக்குமுன் ஊமையாக நிற்பது எவ்வளவு கேவலம், தெரியுமா?

அந்தக் கலா கரடிப் பெட்டி வந்த பிறகு பள்ளி விட்டதும் நேரே கடைக்கு வர ஆரம்பித்தாள். விளையாடுவாள், விளையாடிக்கொண்டே பேசுவாள். தமிழில்!

“அம்மா, இந்தக் கரடியோட அம்மா மேல் வீட்டுல இருக்கு. பூந்தொட்டி கொண்டுபோய்க் குடுத்தாத்தான் கதவத் தொறக்கும். இந்தக் குளவிங்க எல்லாம் முன்னாடி பூவுங்க. யாரோ சாபம் குடுத்துட்டாங்க.”

“அப்படின்னு எங்கடி எழுதியிருக்கு?”

“யாருக்குத் தெரியும்? ஜப்பான் எழுத்து, படிக்க முடியாது. அதனாலதான் நானே சொல்றேன்.”

“அந்த விமானக் கதையும் சொல்லேன்.”

“அதுல எல்லாம் இங்கிலீஷ்ல எழுதியிருக்கும்மா. சுடு, செத்துட்டே, மறுபடி காசு போடு. அதுல நான் சொல்றதுக்கு என்னா இருக்கு?”

நான் டீ ஆற்றிக்கொண்டே கேட்பேன். கரடிக்கு ஒரு தங்கை வந்தாள். குளவிகளுக்கு ஒரு ராஜா வந்தான். ராஜாவுக்குக் கிராணி ஐயாவின் குரல். வயிறு வலிக்கச் சிரிப்போம். புரியாத எழுத்து என்று ஊரே ஏளனம் செய்த பெட்டிதான் என் பெண்ணுக்குத் தமிழில் பேச இடம் விட்டது. அதை எதற்கும் விட்டுக்கொடுப்பதில்லை என்று அப்போதே மனசுக்குள் முடிச்சுப் போட்டு வைத்தேன்.

5

அந்த வருஷம் ஆயுத பூஜை நெருங்கியபோது கிராணி ஐயா ஒரு குண்டைப் போட்டார்.

இங்கே ஆயுத பூஜை சாதாரணமாக நடக்காது. லயத்து வீடுகளில் கொழுந்து வெட்டுகிற கத்தரியும் கூடையும் கழுவி வைப்பார்கள். லோரி சக்கரத்தடியில் எலுமிச்சம் பழம் வைப்பார்கள். எங்கள் கடையில் தராசு முதல் தோசைக்கல் வரை சந்தனமும் குங்குமமும் உண்டு. சோறு போடுகிற சாமானுக்குப் பொட்டு, அதுதான் கணக்கு. கடைக்கு முதல் பொட்டு வைக்கிறவர் கமிட்டித் தலைவர்.

கிராணி சொன்னார், “வெள்ளக்காரன் பெட்டிக்கு நான் வந்து பொட்டு வெக்கிறேன். அந்த ஜப்பான் பெட்டி அன்னிக்குக் கடையில இருக்கக் கூடாது. சயாம்ல செத்த நம்ம ஆளுங்களுக்கு அது அவமானம். பூசைக்கு முன்னாடி அ செங்க வரச்சொல்லித் திருப்பி அனுப்பிடு. இல்லாட்டி தோட்டத்து ஆளுங்க ஒருத்தரும் இந்த வாசப்படி மிதிக்க மாட்டாங்க.”

சேகரன் நல்ல மனிதர், ஆனால் பெரியவர்கள் முன்னால் உப்புச்சப்பில்லாமல் நிற்பார். மாமா பெட்டியில் சாய்ந்து கண்ணை மூடியபடி இருந்தார். அந்த மௌனத்தைக் கிராணி தனக்குச் சம்மதமாக எடுத்துக்கொண்டார். நானும் அப்படித்தான் நினைத்தேன், பொய் சொல்லுவானேன்? மாமாவுக்கு அந்தப் பெட்டி கண்ணில் குத்துகிறது. எனக்கு அது என் பெண்ணின் வாய். இரண்டுக்கும் நடுவில் நான் என்ன செய்ய?

பூஜைக்கு முதல் நாள் மதியம். எல்லாவற்றையும் துடைத்தாக வேண்டும். பெட்டிகளின் உள்பக்கத்தை எப்போதும் அ செங்கின் ஆள் வந்து துடைப்பான். அன்றைக்கு மலை ரோட்டில் மண் சரிந்து அவன் வர முடியவில்லை. முதுகுப் பலகையின் சாவி என்னிடம் இருந்தது. மாமா குளிக்கப் போயிருந்தார். விமானப் பெட்டியை அணைத்து, பலகையைக் கழற்றினேன். கலா டார்ச் அடித்தாள்.

உள்ளே கம்பிகள் கோத்த பச்சைப் பலகை ஒன்று. அதில் வரிசை வரிசையாக எழுத்து. கரடிப் பெட்டியின் திரையில் தினமும் பார்க்கிற அதே எழுத்து. ஓரத்தில், எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், ‘மேட் இன் ஜப்பான்’.

“அம்மா! இதுவும் ஜப்ப...”

அவள் வாயைப் பொத்தினேன். பொத்திக்கொண்டே நான் சிரித்தேன். ஐயோ சாமி, ஒரு மஞ்சள் முடிக்காரன் படத்தை ஒட்டியதற்கா இவ்வளவு நாள் ஒழுங்கு, மூளை, ஆம்பள கேம்! கிராணி தன் கையாலேயே சந்தனம் குழைத்து ஜப்பான் பெட்டிக்கு வைக்கப் போகிறார். வைக்கட்டும். வைத்த கையை அப்படியே பிடித்துக்கொண்டு ஊரைக் கூட்டி, பலகையைக் கழற்றிக் காட்ட வேண்டும். 

அப்போதுதான் பக்கத்தில் கிடந்த நாற்காலியைப் பார்த்தேன். மாமாவின் நாற்காலி.

ஊருக்கு இதைச் சொன்னால் மாமாவுக்கும் சொன்னதாகும். தெரிந்த பிறகு அவர் அதில் சாய்வாரா? ஃபிளாஸ்கைத் தரையில் வைத்துவிட்டு மழையில் போய் நின்றவர் அவர். அந்த ஒரு மணி நேரச் சூடும் போய்விடும். கிராணியை ஜெயிக்க மாமாவின் முதுகைப் பணயம் வைப்பதா? பலகையை மாட்டிப் பூட்டினேன். “ஒரு வார்த்த வெளிய வரக்கூடாது” என்று கலாவிடம் சொன்னேன். 

6

மறுநாள் கிராணி ஐயா வேட்டி சட்டையில், கமிட்டி ஆட்கள் இரண்டு பேரோடு வந்தார். வாசலில் லோரி மாலையோடு நின்றது. உள்ளே வாழையிலையில் பொரி, கடலை, அவல். அன்றைக்கு எந்தக் கருவியையும் ஓட்டக் கூடாது, அதனால் இரண்டு பெட்டியும் அணைந்து கிடந்தன. அணைந்த பெட்டியில் சூடு ஏது? ஆனாலும் மாமா பழக்கத்தில் அதன் பின்னாலேயே சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

“என்னாம்மா, அந்தப் பெட்டி இன்னும் இங்கயே நிக்கிது?” என்றார் கிராணி.

“நிக்கும் ஐயா. பொட்டு வெச்சா ரெண்டுக்கும் வெப்பேன். வெளிய வெச்சா ரெண்டையும் வெளிய வெப்பேன்.”

“ரெண்டும் ஒண்ணா? இது வெள்ளக்காரன் சாமான், அது கொலகாரன் சாமான்.”

“எங்க அப்பா மண்டைய ஒடச்சவன் யாருன்னு எங்க ஊருல வந்து கேளுங்க.”

கடையில் கசகசவென்று பேச்சு எழுந்தது. கிராணியின் முகம் கறுத்தது.

“நீ ஊருலேருந்து நேத்து வந்தவ. கையில செவப்பு கார்டு. ஜப்பான்காரன் காலத்தப் பத்தி ஒனக்கு என்னா தெரியும்? முத்தையா ரத்தம் சிந்துனவரு. அவரு வீட்டுல, அவரு கண்ணு முன்னால இந்த அக்கிரமம்...”

கலா என் கையை இறுக்கிப் பிடித்தாள்.   ஒரு வார்த்தை போதும், ஒரே வார்த்தை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

“கிராணி ஐயா.”

மாமாவின் குரல். கிராணி வந்தால் லயத்து ஆட்கள் எழுந்து நிற்பது வழக்கம். மாமாவும் ஆயுசு முழுக்க எழுந்து நின்றவர்தான். அன்றைக்கு எழவில்லை.

“நான் சாஞ்சிருக்கேனே, இந்தப் பெட்டியும் ஜப்பான்தான்.”

நான் கலாவைப் பார்த்தேன், அவள் ‘நான் சொல்லல’ என்று தலையாட்டினாள்.

“என்னா முத்தையா ஒளர்றே? படத்தப் பாரு, எழுத்தப் பாரு...”

“வெளிய அவன் படம். உள்ள இவன் எழுத்து. பெட்டி வந்த புதுசுல அ செங்கு ஆளு தொறந்து தொடைக்கிறப்பவே பாத்துட்டேன். அந்த எழுத்து எனக்குத் தெரியாதா? அடிச்சு அடிச்சுப் பழக்குன எழுத்துய்யா.”

“தெரிஞ்சுமா இத்தன நாளு இதுல சாஞ்சிக்கிட்டு இருந்தே?” கிராணிக்குக் குரல் கீச்சிட்டது.

“ஆமா. முதுகு குளுருச்சு, சாஞ்சேன். நான் இதோட வெளையாடலியே! எம் முதுகுகிட்ட அவன் ரொம்ப வேல வாங்கிட்டான். இப்ப நான் அவன்கிட்ட வாங்குறேன்.”

 மாமா அவ்வளவு பேசி நான் பார்த்ததே இல்லை. ஆனால் அவர் முடிக்கவில்லை.

“செத்தது என் தம்பி. குழி தோண்டுனது நான். அந்தப் பகை என்னோடது. சாவுற வரைக்கும் எங்கிட்டயே இருக்கும், ஒருத்தருக்கும் குடுக்க மாட்டேன். நீங்க அத எடுத்து வெச்சிக் கூட்டம் போடாதீங்க. ஜப்பான்காரன் வரான்னு தெரிஞ்சதும் தொரைமாருங்க காரு எடுத்துக்கிட்டு ஓடுனானுங்களே, ஒருத்தன் லயத்துப் பக்கம் வந்து ‘நீங்களும் ஓடுங்கடா’ன்னு சொன்னானா? நீங்க ஆபீசுலதானே இருந்தீங்க, சொல்லுங்க. அவனுக்கும் நான் பொட்டு வெக்க மாட்டேன்.”

“அப்ப ரெண்டையும் தூக்கி எறியச் சொல்லு” என்றார் கிராணி.

“கட எம் மருமவளோடது. அவ நேத்து வந்தவ இல்ல. அவ சொல்லுவா.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குக் கண் நிறைந்து ஒன்றும் தெரியவில்லை. கலாதான் குங்குமத் தட்டை நீட்டினாள். விமானப் பெட்டிக்கு வைத்தேன். அதே விரலால் கரடிப் பெட்டிக்கு வைத்தேன். கரடிப் பெட்டிக்கு வைக்கும்போது மாமா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். மன்னித்துவிட்டார் என்று மட்டும் தயவுசெய்து நினைக்காதீர்கள். அவர் மன்னிக்கவில்லை, கடைசிவரை அந்த ஃபிளாஸ்க் டீயைத் தொடவும் இல்லை.

கிராணி பொரி வாங்காமல் போனார். கார் கிளம்பவில்லை. எங்கள் கடையில் பொரி தின்றுகொண்டிருந்த பையன்கள்தான் போய்த் தள்ளிவிட்டார்கள். தோட்டத்து ஆட்களில் சிலர் கொஞ்ச நாள் வாசல் பக்கம் வரவில்லை. குளிரில் டீ வேண்டுமே, பிறகு வந்தார்கள்.

மறுநாள் காலை கடை திறந்தபோது மாமா எனக்கு முன்னால் வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

“சுவிச்சப் போடு தாயி, குளுருது” என்றார்.

7

மாமா இறந்து சில வருஷம் ஆகிறது. பெட்டிகளையும் அ செங் எடுத்துப்போய்விட்டார். இப்போதெல்லாம் அவரவர் வீட்டு டிவியிலேயே விளையாடுகிறார்கள். கலா ஈப்போவில் தங்கிப் படிக்கிறாள். தொலைபேசியில் பாதி மலாய், கால் இங்கிலீஷ். எனக்குப் பொறுக்காதபோது, “அந்தக் குளவி ராஜா என்னடி ஆனான்?” என்று கேட்பேன். உடனே தமிழ் வந்துவிடும். ராஜாவுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதாம், பெண் நம் ஊர்ப் பக்கமாம்.

நான் மலாய் படித்தேன். தானா ராத்தாவுக்கு மறுபடி போனேன். எத்தனை வருஷமாக இருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, கேட்டதற்கு மட்டும், பதில் சொன்னேன். இன்னும் சிவப்புக் கார்டுதான். மறுபடி போவேன்.

தம்பி, உன் மகனுக்குக் கேம் அனுப்புகிறேன். நீ கேட்ட ஜப்பான் சாமான்தான். நன்றாக விளையாடட்டும், அவனுக்கு எந்தப் பகையும் வேண்டாம். ஆனால் நீ அதைத் தெருவில் காட்டி “ஜப்பான்டா” என்று பீற்றிக்கொள்ளும்போது, சயாம் காட்டில் முத்தையாவின் தம்பி ஒருவன் கிடக்கிறான் என்பது உனக்குத் தெரிந்திருக்கட்டும். வெள்ளைக்காரச் சாமான்தான் உசத்தி என்று யாராவது சொன்னால் அப்பாவின் தழும்பையும் நினைத்துக்கொள்.

உன் ‘பாவ’த்தை மட்டும் நான் வாங்கிக்கொள்ள மாட்டேன், திருப்பி அனுப்புகிறேன். ஊரை நினைத்து நான் அழுவதில்லையா என்றால் அழுகிறேன். அது என்னுடைய அழுகை, அதை வைத்து நீங்கள் யாரும் கூட்டம் போட வேண்டாம். கடையை விற்கப் போவதில்லை. வரவும் போவதில்லை. இந்த மலை என்னிடம் ரொம்ப வேலை வாங்கிவிட்டது. இப்போது நான் அதனிடம் வாங்குகிறேன்.